டேப் ஒட்டாத வருஷம்

ஓரின் ஸ்காரை நான் முதன்முதலில் பார்த்தது நார்பி ஊர்ச் சாமான்கடையில். ஆணி, குழாய், கயிறு எல்லாம் தாண்டிக் கடைசி வரிசையில், அலுமினிய டேப் அடுக்கியிருக்கும் தட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். எழுபதைத் தொடும் வயது. சூடான ஈயம் தெறித்துப் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்த கம்பளிச் சட்டை. ஒரு சுருளை எடுத்து, முனையை நகத்தால் நெம்பி, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு போய்விட்டார்.

"வாங்க மாட்டார்," என்றார் கல்லாவில் இருந்த ஆர்டிஸ் அம்மாள். "தொட்டுப் பார்ப்பார், போயிடுவார். எங்க அக்கா டோரீனைக் கட்டினவர்தான். ஒண்ணும் கேட்டுக்கறது இல்ல."

"டேப்புல என்ன இருக்கு?"

ஆர்டிஸ் அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அது அண்ணன் தம்பி விவகாரம். அண்ணன் போய்ச் சேர்ந்தாச்சு. இனிமே சொன்னா யாருக்கு என்ன?"

சொன்னார். மிச்சத்தை டோரீன் சொன்னார். ஓரினே கொஞ்சம் சொன்னார், அதுவும் கேட்டுக் கேட்டுத்தான்.

அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் அந்தப் பக்கம் முழுக்கக் கோதுமை. ஸ்கார் குடும்பமும் கோதுமைக் குடும்பம்தான். பெரியவர் டோர்வாலிடம் பழைய காலத்துத் துப்பாக்கி ஒன்று இருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டு மூட வேண்டிய வகை. குழல் கடப்பாரை கனம் இருக்கும். தோட்டா முனையில் வைக்கிற ஈயக்குண்டும் கடையில் வாங்கினால் அதற்கு ஆகாது. ஈயத்தை வீட்டிலேயே உருக்கி வார்த்தால்தான் உண்டு. வார்ப்பதற்கான அச்சும் துப்பாக்கியோடு சேர்ந்தே வந்தது. செங்கல் துண்டு போல இரண்டு இரும்புக் கட்டிகள். சேர்த்துப் பிடித்தால் நடுவில் ஒரு குண்டுக்கான குழி. தலைக்குமேல் நகர்கிற ஒரு தகடு, அதில் ஈயம் ஊற்ற ஒரு துளை. பிடித்துக்கொள்ள இடுக்கி போல இரண்டு மரக்கைகள்.

டோர்வால் படுக்கையில் விழுந்தபோது பிள்ளைகள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். "துப்பாக்கி ஹார்லனுக்கு. அச்சு ஓரினுக்கு. அவனுக்குக் கண்ணு இருக்கு, உனக்குக் கை இருக்கு," என்றார் ஓரினைப் பார்த்து. ரொம்பச் சரியாகப் பங்கு பிரித்துவிட்டதாக நினைத்துக்கொண்டுதான் அவர் கண்ணை மூடினார்.

"அண்ணனுக்குத் துப்பாக்கி, எனக்கு ஓட்டை," என்று அன்றைக்கு ஓரின் டோரீனிடம் சொன்னார். அதையே வேடிக்கையாக வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். வேடிக்கை எப்போது தீர்ந்துபோனது என்று டோரீனுக்கு நினைவில்லை.

ஹார்லன் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும். ஆள் ஓங்குதாங்காக இருப்பார். பேசினால் அடுத்த பண்ணைக்குக் கேட்கும். கோதுமை வேலை போக, பள்ளிக்கூடப் பேருந்தும் ஓட்டிக்கொண்டிருந்தார். பனி கொட்டுகிற காலத்தில் விடிந்ததும் தன் வண்டியின் முன்னால் பனி தள்ளுகிற கலப்பைத் தகடு மாட்டிக்கொண்டு கிளம்புவார். முதலில் தம்பி வீட்டுப் பாதைதான், அப்புறம்தான் தன் வாசல். யாரும் கேட்டதில்லை, அவரும் சொல்லிக்காட்டியதில்லை. ஆனால் வாயைத் திறந்தால் "பொடியா" என்பார். அவருக்குத் தம்பி எப்போதும் பொடியன்தான். தம்பிக்குத் தலை நரைத்தது, முன்பல் கட்டினார்கள், முழங்கால் ஆபரேஷன் ஆனது. அப்போதும் பொடியன்.

வருஷம் ஒருமுறை, ஜூன் மாதம் நார்பிக்கு வெளியே எருமைப் போட்டி நடக்கும். எதிர்ச் சரிவில் வெகுதூரத்தில் காட்டெருமை உருவத்தில் வெட்டிய இரும்புத் தகடுகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். பழைய காலத்துத் துப்பாக்கி, கரிமருந்து, வீட்டில் வார்த்த குண்டு, இவ்வளவுதான் அனுமதி. சுட்டுவிட்டு ஒரு மூச்சு பொறுக்க வேண்டும். பட்டிருந்தால் தூரத்திலிருந்து 'டங்' என்று வரும். படாவிட்டால் ஒன்றும் வராது. அந்த ஒன்றும் வராததுதான் அந்த ஊரில் ஒரு மனுஷனுக்கு நேரக்கூடிய பெரிய அவமானம்.

டோர்வால் காலத்தில் அந்தத் துப்பாக்கி சொன்னபடி கேட்டதே இல்லை. பத்துக்கு நாலு படும். அப்பா இறந்த வருஷம் ஹார்லன் அதை எடுத்துக்கொண்டு போனார். அவருக்கும் அதே கதைதான். ஊரில் சிரித்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ஓரின் தன் வண்டிக்கொட்டகையில் அச்சை மேஜைமேல் போட்டு உட்கார்ந்தார். அவர் மரஆலையில் ரம்பம் தீட்டுகிறவர். ஒரு இம்மி கூடுதலா குறைச்சலா என்பது அவருக்கு விரலிலேயே தெரியும். ஒரு நாள் அண்ணனிடம் கேட்டு வாங்கிவந்த துப்பாக்கியின் குழலுக்குள் மெத்தென்ற ஈய உருண்டை ஒன்றைத் தள்ளி அந்தப் பக்கம் எடுத்து அளந்தார். பிறகு அச்சில் வார்த்த குண்டை அளந்தார். குழல் அகலம், குண்டு ஒல்லி. வித்தியாசம் தலைமுடியைவிடக் கம்மி. அது போதும். குழலை அடைத்துக்கொண்டு சுழன்று போக வேண்டிய குண்டு, தொளதொளவென்று உரசிக்கொண்டு போய், வெளியே வந்ததும் தன் இஷ்டத்துக்குத் திரும்புகிறது.

அச்சின் குழியைத் தேய்த்துப் பெரிதாக்கலாம். ஆனால் இரும்பைத் தேய்த்தால் தேய்த்ததுதான், திரும்ப ஒட்டவைக்க முடியாது. அப்பாவின் அச்சில் அரம் போட அவருக்கு மனசு வரவில்லை. அதனால் வேறொன்று செய்தார். இரண்டு கட்டிகளும் முகத்தோடு முகம் பொருந்துகிற இடத்தில், குழிக்கு இரண்டு பக்கமும், மெல்லிய அலுமினிய டேப்பைக் கீற்றுக் கீற்றாக வெட்டி ஒட்டினார். கட்டிகள் மூடும்போது அந்த டேப்பின் கனம் அளவுக்கு விலகி நிற்கும். குண்டு அதே அளவுக்குப் பருக்கும். இடுக்கில் ஈயம் மீசை போலக் கொஞ்சம் பிதுங்கும். அதைச் சுரண்டிவிட்டால் ஆச்சு.

அடுத்த ஜூனில் ஹார்லன் பத்துக்குப் பத்தும் அடித்தார்.

"அப்பனுக்குப் படியாத துப்பாக்கி மகனுக்குப் படிஞ்சிருச்சு பாரு!" என்றது ஊர்.

ஓரின் அண்ணனிடம் டேப்பைப் பற்றிச் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. கேட்டால் சொல்லலாம் என்று இருந்தார். ஹார்லன் கேட்கவில்லை. குண்டு என்பது, அவரைப் பொறுத்தவரை, பால் மாதிரி தபால் மாதிரி தானாக வருவது. மார்ச் மாதம் காலி காப்பி டப்பா ஒன்றைத் தம்பி வீட்டு வாசல் கம்பத்தில் மாட்டிவிட்டு, வண்டி ஆரனை ஒரு அடி அடித்துவிட்டுப் போவார். ஏப்ரல் கடைசியில் டப்பா மரத்தூளுக்குள் வரிசையாகப் படுத்திருக்கும் குண்டுகளோடு அதே கம்பத்தில் தொங்கும். எடுத்துக்கொண்டு மறுபடி ஒரு ஆரன். அதுதான் நன்றி.

அந்த இரண்டு ஆரனுக்கும் நடுவில் கொட்டகையில் நடப்பதை டோரீன் மட்டும்தான் பார்த்தார். போன வருஷம் கடைசியாக வார்த்த குண்டை வெளியே எடுக்காமல் அச்சுக்குள்ளேயே விட்டு மூடி வைத்திருப்பார் ஓரின். காற்று புகுந்தால் குழி துருப்பிடித்துவிடும். அந்தக் குண்டை எடுத்துப் போட்டதும் சீசன் ஆரம்பம். டேப் ஒவ்வொரு வருஷமும் சூட்டில் கருகிப்போயிருக்கும். அதைச் சாராயத்தில் ஊறவைத்து உரித்துவிட்டுப் புதிது ஒட்டி, கரண்டியின் முதுகால் நீவுவார். மேல் தகட்டின் திருகை முடுக்கி, தளர்த்தி, அச்சைச் சாய்த்தால் தகடு தன் கனத்திலேயே நகர வேண்டும், ஆனால் ஆடக் கூடாது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். கீலில் ஒரு சொட்டு எண்ணெய், அதுவும் பஞ்சு நுனியால். குழிக்குள் எண்ணெய் இறங்கிவிட்டால் குண்டு கிழவி முகம் போலச் சுருங்கி வரும். அச்சு சூடேறும்வரை வருகிற குண்டெல்லாம் மறுபடி சட்டிக்குள். குண்டு ஒட்டிக்கொண்டு விழ மறுத்தால் மரக்கட்டையால் கைப்பிடிக் கீலில் தட்டுவார். கட்டியின்மேல் ஒருநாளும் தட்டியதில்லை. ஒருமுறை டோரீனின் தம்பி விளையாட்டாகக் கட்டியில் தட்டப் போனபோது, கையைப் பிடித்து முறுக்கியே விட்டார்.

எருமைப் போட்டி முடிந்ததும் ராத்திரிச் சாப்பாடு ஊர்க் கிறிஸ்தவக் கோவில் கூடத்தில் நடக்கும். ஜெயித்தவர் எழுந்து நாலு வார்த்தை பேசுவது வழக்கம். ஹார்லன் வருஷா வருஷம் அப்பாவுக்கு நன்றி சொல்வார். துப்பாக்கிக்குச் சொல்வார். மனைவி பெர்னடினுக்கு, மாட்டுக்கறி வேகவைத்த பெண்களுக்கு, நல்ல வெயில் தந்த கர்த்தருக்கு. டோரீன் மேஜைக்கு அடியில் ஓரினின் முழங்காலைத் தட்டுவார். 'அடுத்தது நீ' என்று அர்த்தம். அடுத்தது கைதட்டலாக இருக்கும்.

ஹார்லன் கடைசியாக ஜெயித்த வருஷம், கிளீட் என்ற பக்கத்துப் பண்ணைக்காரர் எழுந்து நின்று சத்தமாகக் கேட்டார்: "யோவ் ஹார்லன், என்னய்யா ரகசியம்? எங்களுக்கும் சொல்லேன்!"

ஹார்லன் ஏற்கெனவே இரண்டு பீர் போட்டிருந்தார். பக்கத்தில் இருந்த தம்பியின் தோளைச் சுற்றிக் கையைப் போட்டு இழுத்து அணைத்துக்கொண்டார். "கண்ணுடா. கண்ணும் மூச்சும். வேற ஒரு மண்ணும் இல்ல. ஈயத்தை ஊத்தறதுக்கு எந்தப் பொடியனும் போதும். என்னடா பொடியா?"

கூடமே சிரித்தது. ஓரினும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தவரிடம் டோரீன் கேட்டார். "அங்க சிரிச்சே இல்ல?"

"சபையில என்ன பண்றது?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"கேட்டா சொல்லலாம்."

"கேட்கலையே அவர். இத்தனை வருஷமாக் கேட்கலையே."

ஓரின் பூட்ஸைச் சுவரோரமாக ஜோடியாக வைத்தார். வைத்ததை மறுபடி நேராக்கினார்.

அடுத்த மார்ச்சில் டப்பா கம்பத்துக்கு வந்தது. ஆரன் கேட்டது. ஓரின் அச்சைத் திறந்து பழைய குண்டை எடுத்தார். கருகின டேப்பை உரித்தார். முகம் இரண்டையும் துடைத்தார். இரும்பு பளபளவென்று இருந்தது.

"டேப் தீர்ந்துபோச்சே, வாங்கிட்டு வரவா?" என்று கொட்டகை வாசலில் நின்று கேட்டார் டோரீன். வருஷா வருஷம் தங்கையின் கடையில் டேப் வாங்கி வருவது அவர்தான்.

"வேணாம்."

"வேற எங்கியாவது வாங்கிட்டியா?"

"இந்த வருஷம் டேப் வேணாம்."

டோரீன் உள்ளே வந்தார். அச்சைப் பார்த்தார், புருஷனின் முகத்தைப் பார்த்தார். "வேணாம் ஓரின்."

"நான் ஒண்ணும் செய்யல. அப்பா குடுத்த அச்சு. அப்பா வார்த்த மாதிரியே வார்க்கறேன். இதுல என்ன தப்பு?"

"தப்பு என்னன்னு உனக்குத் தெரியும்."

"தவறினா வருவான். வந்து, என்னடா ஆச்சு, குண்டுல என்னன்னு ஒரு வார்த்தை கேட்பான். கேட்டா அன்னிக்கே ஒட்டித் தரேன். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும் டோரீன். வேற எதுவும் வேணாம்."

"கேட்கலன்னா?"

"கேட்டுத்தான் ஆகணும். குண்டு எங்கேருந்து வருதுன்னு அவனுக்குத் தெரியாதா?"

அந்த வருஷத்துக் குண்டுகள் போல அழகான குண்டுகளை அவர் வார்த்ததே இல்லை என்கிறார் டோரீன். பிதுங்கல் இல்லை, மீசை இல்லை. வெள்ளி போல மின்னிக்கொண்டு, ஒரே அச்சாக, மரத்தூளில் வரிசையாகப் படுத்திருந்தன. ஒல்லி என்று யார் கண்ணும் சொல்லாது.

ஜூனில் ஹார்லன் குழலைத் தாங்க நட்ட குறுக்குக் கம்பின் பின்னால் உட்கார்ந்து முதல் தோட்டாவைச் சுட்டார். புகை விலகியது. ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. ஒன்றும் வரவில்லை. எருமையின் வலப்பக்கம், ஒரு ஆள் உயரத்துக்கு அப்பால் புழுதி எழும்பியது.

"காத்துடோய்!" என்றார் கிளீட்.

இரண்டாவது இடப்பக்கம் போனது. மூன்றாவது தலைக்கு மேலே. நாலாவது பட்டது. ஐந்தாவது எங்கே போனது என்றே தெரியவில்லை. ஆரம்பத்தில் கேலி பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஹார்லன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

ஓரின் பத்தடி தள்ளி நின்றிருந்தார். இப்போது திரும்புவான், இப்போது என்னைப் பார்ப்பான் என்று காத்திருந்தார். டேப் சுருள் வீட்டில் தயாராக இருந்தது. அவரே போய் வாங்கிக் கொட்டகை மேஜைமேல் வைத்திருந்தார். ஹார்லன் திரும்பினார். ஆனால் தம்பியைப் பார்க்கவில்லை. தன் வலது கையை விரித்து, அது நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மீதித் தோட்டாக்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மனைவியிடம் வண்டிச் சாவியை நீட்டினார். "நீ ஓட்டு," என்றார்.

அந்தக் கோடை முழுக்க ஓரின் கொட்டகைக் கதவைத் திறந்தே வைத்திருந்தார். அண்ணன் வீடு அதே சாலையில் நாலு மைல். வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார். வண்டி வரும், போகும். முதல் கொஞ்ச நாள் ஹார்லன் ஓட்டினார். அப்புறம் பெர்னடின் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். யாரும் ஆரன் அடிக்கவில்லை.

"நாலு மைல்தானே, நீ போயேன்," என்றார் டோரீன்.

"அவன் வரட்டும்."

"முறுக்கிட்டு நில்லு. ரெண்டு பேரும் ஒரே அப்பனுக்குப் பிறந்தவங்கதானே."

செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்தது. பேருந்தை வேறு ஆள் ஓட்டிக்கொண்டு போனதை ஓரின் பார்த்தார். காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அந்த வாரம்தான் கிளீட் அவர் வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே சன்னலைக் கீழே இறக்கினார்.

"விஷயம் தெரியுமா? உங்கண்ணன் துப்பாக்கியை வித்துட்டான்."

ஓரின் வண்டிச் சன்னல் அருகே போனார். "எந்தத் துப்பாக்கி?"

"எந்தத் துப்பாக்கியா! உங்கப்பன் துப்பாக்கிதான். டெக்சஸ்காரன் ஒருத்தன் வந்தான், தூக்கிட்டுப் போயிட்டான். பஸ்ஸையும் விட்டுட்டான்ல. கண்ணு போச்சாம். கண் டாக்டர்கிட்ட போயிருக்கான். வயசுக்கு நல்லாத்தான்யா இருக்குன்னு அவர் சொல்லியிருக்கார். இவன் என்ன சொன்னான் தெரியுமா? டாக்டருக்கு என்ன தெரியும், எருமைக்குத் தெரியும்னு சொல்லிட்டு வந்துட்டான்."

கிளீட் சிரித்தார். ஓரின் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்தினார்.

"நான் சொன்னேன்ப்பா. போட்டி அன்னிக்கே சொன்னேன். குண்டை ஒரு தடவை அளந்து பாரேன், அதுல ஏதாவது இருக்கப் போகுதுன்னேன். என் சட்டையைப் பிடிச்சுட்டான்! 'என் தம்பி வார்த்தது. அவன் கையில தப்பு வராது. இன்னொரு வாட்டி சொன்னே, பல்லைத் தட்டிருவேன்'ங்கறான். நான் உன்னை ஒண்ணும் குறை சொல்லல ஓரின். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன்."

கிளீட் போன பிறகும் ஓரின் வாசலிலேயே நின்றிருந்தார். பிறகு கொட்டகைக்குள் போய் அச்சையும், டேப்பையும், அளக்கிற மைக்ரோமீட்டரையும், மிச்சம் இருந்த குண்டுகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

ஹார்லன் சமையலறை மேஜையில் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். பெர்னடின் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாடா," என்றார் ஹார்லன். குரல் அடுத்த பண்ணைக்கு அல்ல, வாசலுக்கே கேட்டிருக்காது. "பெர்னி, இவனுக்குக் காப்பி ஊத்து."

ஓரின் உட்காரவில்லை. "ஹார்லன், உன் கண்ணுல ஒண்ணும் இல்ல. குண்டுலதான். குண்டு ஒல்லி. நான் டேப் ஒட்டல."

"என்ன டேப்?"

பையைத் திறந்து எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பினார். அச்சைப் பிரித்து முகத்தைக் காட்டினார். டேப் இல்லாவிட்டால் இந்த அளவு, ஒட்டினால் இந்த அளவு என்று அளந்து காட்டினார். அப்பாவுக்கு ஏன் படவில்லை, உனக்கு ஏன் பட்டது, இந்த வருஷம் ஏன் படவில்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னார். கோவில் கூடத்தில் பேசிய பேச்சையும் சொன்னார். சொல்லிக்கொண்டே வரும்போது ஹார்லனின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. அது கோபம் வருவதற்கு முந்தின சிரிப்பு அல்ல.

"அப்பாவோட பிடி வச்ச கத்தியை நான் ஆத்துல போட்டேன், ஞாபகம் இருக்கா?" என்றார் ஹார்லன். "நீ போய், நான்தான் தொலைச்சேன்னு சொல்லி வாரால அடி வாங்கினே. எனக்காக. அப்பவும் இப்படித்தான், கண்ணை இமைக்காம ஒரு பெரிய கதை சொன்னே."

"இது அது இல்ல ஹார்லன்."

"அதேதான்."

"சத்தியமா சொல்றேன். அந்தத் துப்பாக்கியைக் கொண்டா, டேப் ஒட்டி இன்னிக்கே வார்த்துத் தரேன். நீயே சுட்டுப் பாரு."

"துப்பாக்கி எங்கடா இருக்கு?"

மேஜைமேல் அச்சு இருந்தது, டேப் இருந்தது, அளவுக்கருவி இருந்தது. நிரூபிக்கிற ஒன்று மட்டும் டெக்சஸ் போயிருந்தது.

ஹார்லன் ஒரு குண்டை எடுத்துக் கையில் உருட்டினார். "எவ்வளவு அழகா வார்த்திருக்கே. இதைப் போய்க் குறைங்கறே." குண்டை மேஜைமேல் நிமிர்த்தி வைத்தார். "ஓரின்."

அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்து தம்பி கேட்டது அதுதான் முதல் தடவை.

"பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போன கண்ணு இது. போயிடுச்சுன்னு தெரிஞ்சப்புறம் எப்படி ஓட்டறது? ஒவ்வொண்ணா விட்டாச்சு. உன் குண்டு தப்பாதுன்னு ஒண்ணு மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியும். என்னைத் தேத்தறேன்னு சொல்லி அதையும் புடுங்காதே. காப்பியைக் குடி."

ஓரின் காப்பியைக் குடித்தார். குடித்துவிட்டுச் சாமானைப் பையில் அள்ளிக்கொண்டு வெளியே வந்தார். பின்னாலேயே பெர்னடின் ஈரக்கையோடு வந்தார்.

"குழல் தொடைக்கிற துணியில இந்த வருஷம் ஈயம் செதில் செதிலா வந்துச்சு," என்றார். "நான்தான் துணியை அலசினேன். ஜெயிச்ச வருஷம் எதுலயும் அப்படி வந்ததே இல்ல. அவர்கிட்ட காட்டினேன். குழலுக்கும் வயசாயிடுச்சுன்னார்."

ஓரின் தலையைக் குனிந்துகொண்டார்.

"நிஜமாவே செஞ்சியா?"

"செய்யல பெர்னி. செய்யாம விட்டேன்."

பெர்னடின் கைகளை ஏப்ரனில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். "இதை இனிமே அவர்கிட்ட பேசாதே. இன்னிக்கு நம்பல. நாளைக்கு உக்காந்து யோசிச்சு நம்பிட்டார்னா? அவர்கிட்ட என்ன மிச்சம் இருக்கும் சொல்லு? கண்ணு போச்சுன்னே இருக்கட்டும். தம்பியாவது இருக்கட்டும்." வாசற்படி ஏறியவர் திரும்பினார். "நீயும் அடிக்கடி வராதே. உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியாது."

அந்தக் குளிர்காலத்தில் முதல் பனி விழுந்தபோது ஓரின் வீட்டுப் பாதையில் கலப்பைத் தகடு வரவில்லை. காலையில் எழுந்து சன்னல் வழியே பார்த்தார். முழங்கால் அளவுக்குப் பனி, வெள்ளையாக, தடமே இல்லாமல் கிடந்தது. மண்வெட்டி எடுத்துக்கொண்டு போனார். பாதி தள்ளுவதற்குள் முழங்கால் பிடித்துக்கொண்டது. டோரீன் வெளியே வந்து இன்னொரு மண்வெட்டியை எடுத்தார்.

டெக்சஸ்காரரை ஓரின் தேடிப் பிடித்தார். துப்பாக்கிக் கண்காட்சி ஒன்றில் அதை வேறு யாருக்கோ கைமாற்றிவிட்டதாக அவர் தொலைபேசியில் சொன்னார். "நல்ல துப்பாக்கிதான். ஆனா சுட்டா எங்கேயோ போகுது," என்றும் சொன்னார். அதற்கு மேல் ஓரின் தேடவில்லை.

மறு மார்ச்சில் கம்பத்தில் டப்பா இல்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. போன ஜனவரியில் ஹார்லனுக்குத் தூக்கத்திலேயே உயிர் போனது. இறுதிச் சடங்கில் பாதிரியார் உருக்கமாகப் பேசினார். தன் கண் மங்கியதைத் தானே உணர்ந்து, யாரும் சொல்லும் முன்னே துப்பாக்கியையும் பேருந்தையும் விட்டுக்கொடுத்த பணிவைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார். முதல் வரிசையில் பெர்னடின் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வரிசையில் ஓரின் உட்கார்ந்து, கடைசி வார்த்தைவரை கேட்டார்.

ஹார்லன் நார்பி கோவில் கல்லறைத் தோட்டத்தில், அப்பா டோர்வாலின் பக்கத்தில் இருக்கிறார். பெர்னடின் மகளோடு பில்லிங்ஸ் நகருக்குப் போய்விட்டார். ஓரினும் டோரீனும் அதே வீட்டில் இருக்கிறார்கள். பனியைத் தள்ள ஓர் ஆள் வைத்திருக்கிறார்கள். அச்சு கொட்டகை அலமாரியில், டேப் ஒட்டாமல், கடைசியாக வார்த்த குண்டோடு மூடிக்கிடக்கிறது.